லேபல் ஒட்டாத சிரிஞ்ச்

என் சமையலறை இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் நடுவே, ஒரு சிவப்பு லேபல் சுருள் கிடக்கிறது. தசைகளைத் தளர்த்தும் ஒரு மருந்தின் பெயர் அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். பெயருக்குக் கீழே அளவுக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு, மருந்தை நிரப்பியவரின் பெயரெழுத்துக்கு ஒரு கோடு. அக்கா கொடுத்தது. வீடு மாற்றியபோதெல்லாம் குப்பையில் போடத்தான் எடுத்தேன், மனசு வரவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்துப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எங்கள் பேட்சில் இருந்த தமிழர்கள் இரண்டே பேர், நானும் அவரும். நான் சென்னையில் படித்து முடித்த கையோடு வந்தவள். அவரோ ஈரோட்டில் பதினோரு வருடம் மயக்க மருந்து கொடுத்தவர். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, மகளை டேகேரில் விட்டுவிட்டுப் பரீட்சைகளை எழுதி, நான்கு வருடம் காத்திருந்துதான் அந்த இடத்தைப் பிடித்திருந்தார். அனுபவத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியவர், எங்களோடு முதல் வருட மாணவியாக வரிசையில் நின்றார். எனக்கு டிரைவிங் லைசென்ஸ் இல்லாததால், மான்மவுத் ஜங்ஷனிலிருந்து தினமும் அவர் காரில்தான் போய் வந்தேன்.

முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நோயாளியைத் தூங்கவைப்பதை அல்ல. இயந்திரத்தைச் சோதி, உறிஞ்சுகுழாய் வேலை செய்கிறதா பார், தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா பார், சிரிஞ்சில் மருந்தை ஏற்றிய அதே மூச்சில் லேபலை ஒட்டு, இவ்வளவுதான். பாதி மருந்துகள் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். மயக்கம் வருமுன்னே அந்தச் சிவப்பு லேபல் மருந்து உள்ளே போனால், ஆளுக்கு முழு நினைவு இருக்கும், மூச்சு விட முடியாது, கத்தவும் முடியாது.

அக்காவின் கஷ்டமே இந்த லேபலில்தான் இருந்தது. ஊரில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆபரேஷன், உதவிக்கு ஆள் கிடையாது. எந்த மருந்து எந்த அளவுச் சிரிஞ்சில் என்று அவருக்கென ஒரு கணக்கு உண்டு. பத்து எம்.எல். சிரிஞ்சில் இது, இரண்டில் அது. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார், பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவர் வீட்டு அடுக்களையும் அப்படித்தான். முதல் தடவை சாப்பிடப் போனபோது, உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் விழித்தேன். "டப்பா சைஸப் பாத்தா தெரியாதா கண்ணு? ஒரு டாக்டருக்கு இதுகூடவா சொல்லித் தரணும்?" என்று சிரித்தார். மருத்துவமனையிலும் லேபல் ஒட்டாத அதே பழக்கத்துக்குப் பயிற்சித் தலைவரிடம் இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கினார். மூன்றாவது ஆனால் இடம் போய்விடும் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு பாவம், வெள்ளைக் கோட்டுப் பையில் இந்தச் சுருளைப் போட்டுக்கொண்டே அலைந்தார்.

அன்று காலை ஓர் அறையில் நான்தான் மருந்துகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு லேபல் மருந்தை ஐந்து எம்.எல். சிரிஞ்சில் ஏற்றி வைத்த நேரம், என்னை வேறு அறைக்குக் கூப்பிட்டார்கள். லேபல் ஒட்டாமல் ஓடினேன். என் இடத்துக்கு அக்காவை அனுப்பியிருக்கிறார்கள். அவர் உள்ளே போன கையோடு பயிற்சித் தலைவரும் வந்து, தட்டில் அந்தச் சிரிஞ்சையும் பக்கத்தில் காலி மருந்துக் குப்பியையும் பார்த்துவிட்டார். நோயாளி இன்னும் உள்ளே வரவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விட்டுப்போன ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இந்தச் சிரிஞ்ச் யாருடையது என்று கேட்டார் தலைவர். அக்கா பதற்றமே இல்லாமல், "என்னுடையது இல்லை. இந்த மருந்தை நான் எப்போதும் பத்து எம்.எல். சிரிஞ்சில்தான் எடுப்பேன்" என்றார். அது சத்தியம். அந்தச் சத்தியமே அவரைக் கவிழ்த்தது. "அப்படியானால் இன்னமும் அளவை வைத்துத்தான் அடையாளம் பார்க்கிறாய்" என்றார் தலைவர். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல் அவர் காரில் ஏறினேன். ரூட் ஒன் நெடுஞ்சாலைச் சிக்னலில் நின்றபோது சொன்னார்: "நாளைக்கு அவர்கிட்ட சொல்லிடு கண்ணு. உனக்கு இது ஃபர்ஸ்ட் டைம், வார்னிங்கோட விட்டுடுவாங்க. எனக்கு இது தேர்டு."

"சொல்றேன்க்கா."

மறுநாள் தலைவரின் அறை வரை போனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று திரும்பிவிட்டேன். அதற்கடுத்த நாள் போகவே இல்லை. என் விசா இந்தப் பயிற்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வெறும் பயம். வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு அக்காவை நீக்கினார்கள். அடுத்த வாரத்திலிருந்து நான் பஸ்ஸில் போனேன்.

அவர் வேறு ஐந்தாறு இடங்களுக்கு அப்ளை பண்ணியதாகக் கேள்விப்பட்டேன். நீக்கப்பட்டவருக்கு ஒருத்தரும் பதில் போடவில்லை. இரண்டு வருடம் கழித்து, கலிஃபோர்னியாவில் டப்ளினுக்குக் குடிபோகிறார்கள் என்று தெரிந்து, ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. காபி போட்டுக் கொடுத்தார். அடுக்களையில் மிச்சமிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றிலும் சிவப்பு லேபல். மருந்தின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு உப்பு, சர்க்கரை, ரவை. கீழே தேதி, அவர் பெயரெழுத்து. நான் பார்ப்பதைப் பார்த்தவர், "இப்பப் பழகிட்டேன்" என்றார்.

"அக்கா, அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்தேன்.

"காபி ஆறுது, குடி."

கிளம்பும்போது மிச்சச் சுருளை என் கையில் வைத்தார். "நீ வெச்சுக்க. உனக்குத்தான் வேணும்." கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது நான் கற்றுக்கொடுக்கிறவள். ஒவ்வொரு ஜூலையிலும் புதுப் பிள்ளைகள் முன்னால் லேபல் இல்லாத சிரிஞ்சைத் தூக்கிக் காட்டி, "எங்கள் பேட்சில் ஒருத்தர் இப்படி வைத்துவிட்டுப் போனார்" என்று தொடங்குவேன். பயந்து கேட்பார்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்கள், நீக்கிவிட்டார்கள் என்பேன். அவர்கள் மனதில் அந்தச் சிரிஞ்ச் அக்காவுடையதாகவே இருக்கும். ஒவ்வொரு வருடமும் இந்தத் தடவை திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன். இந்த ஜூலையிலும் அப்படித்தான் போனேன், அப்படியேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து, சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். பசை காய்ந்துபோய் எதிலும் ஒட்டவில்லை. அதை மேஜையில் வைத்து, அளவு எழுதினேன், அந்த நாளின் தேதியை எழுதினேன். கடைசிக் கோட்டில் எழுத வேண்டியது என் பெயரின் இரண்டே எழுத்து. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.