படுக்கையறைப் பாதி

என் அண்ணன் டுவெய்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தெல்மாவுக்கு ரோக்சான் பேரைக் கேட்டாலே வயிறு எரியும். ரோக்சான், அண்ணனை விவாகரத்து செய்துவிட்டுப் போன முதல் மனைவி. அவள் வாங்கிய திரைச்சீலை, அடித்த பச்சைப் பெயின்ட் எல்லாவற்றையும் தெல்மா ஒழித்தாள். அப்புறமும் ஆறவில்லை. ரோக்சான் வாழ்ந்த டிரெய்லர் பார்க்கே, அதாவது இழுத்துப்போகக்கூடிய வீடுகளை வரிசையாக நிறுத்தும் அந்த இடமே, வேண்டாமென்று வீட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு லாரியில் இழுத்துவந்து, ஏரிப்பக்கம் வாங்கிய மனையில் மறுபடி பொருத்தினார்கள்.

"இப்பதான் இது என் வீடு," என்றாள் என்னிடம். பாவம்!

இடம் மாறிய வீட்டைப் புது முகவரியில் பதிய வேண்டும். அப்படியே தன் பேரையும் சேர்த்துவிடுவதென்று தெல்மா கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். பதிவு அலுவலகக் கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"முதல் பாதி உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. ரெண்டாவது பாதி ரோக்சான்னு ஒருத்தங்க பேர்ல இருக்கே? அவங்க கையெழுத்து வேணும்மா."

இந்த மாதிரி இரட்டை வீட்டுக்குப் பாதிக்கு ஒரு பத்திரம். விவாகரத்தின்போது என் அருமை அண்ணன் ஒன்றை மட்டும் தன் பேருக்கு மாற்றிவிட்டு, வேலை முடிந்ததென்று மீன் பிடிக்கப் போயிருக்கிறான். மரமண்டை! சமையலறை இருப்பது முதல் பாதியில். படுக்கையறை இரண்டாவதில்.

"இத்தனை வருஷமா அவ ரூம்லயா நான் படுத்துக் கிடந்தேன்?" தெல்மா கார் கதவை அறைந்து சாத்தினாள். அன்றிலிருந்து சோபாவில்தான் படுக்கை.

வேறு வழியில்லாமல் ரோக்சானைக் கூப்பிட்டார்கள். வந்தாள், சிரித்தாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சண்டைக்குத் தயாராக நின்ற தெல்மாவுக்கு அதுவே பொறுக்கவில்லை.

"இனிமே எல்லாம் என்னோடதுதான்," என்று சொல்லிக்கொண்டே படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். வீட்டை இடம் மாற்றியதிலிருந்து அந்தக் கதவு மக்கர். டுவெய்ன் இழைத்துப் பார்த்தும் பயனில்லை. தெல்மா தோளைக் கொடுத்து முட்டினாள். அசையவில்லை.

"தள்ளாதம்மா," என்றாள் ரோக்சான். "பிடியைத் தூக்கிக்கிட்டே கீழ ஒரு உதை விடு. பார்க்ல புதுசா வச்சப்பவும் இப்படித்தான் படுத்துச்சு."

அவளே செய்து காட்டினாள். கதவு சட்டென்று திறந்துகொண்டது.

பாதிக்கு ஒன்றாக, வீடு பதிவானதற்கான ஸ்டிக்கர்கள் வந்துவிட்டன. தெல்மா இரண்டையும் ஜன்னலில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள். ஆனால் படுக்கையறைக் கதவை மட்டும் அவள் சாத்துவதே இல்லை. சாத்தினால், ரோக்சான் சொன்னபடி திறக்க வேண்டியிருக்குமே.