இனாம் படங்களின் பின்னால்

பழைய படக்கார்டு சேர்ப்பவனுக்கும் பிச்சைக்காரனுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அவன் போட்டதை வாங்கிக்கொள்வான், நாங்கள் இன்னதுதான் வேண்டும் என்போம். நீங்களும் எதையாவது சேர்க்கிறவர் என்றால், உங்கள் வீட்டில் இதை இன்னும் காரமாகவே சொல்லியிருப்பார்கள்.

கண்டியில் மதராஸ் பத்திரிகைகளுக்கு நான் ஏஜெண்ட். ஒரு மாதப் பத்திரிகை முன்பு இதழோடு நாடக நடிகைகளின் போட்டோக் கார்டுகளை இனாமாகக் கொடுத்து வந்தது. நான் ஏஜென்சி எடுப்பதற்குள் நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையை எலிக்கு விட்டவர்களும் கார்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள். சந்தா வாங்கப் போகிற இடமெல்லாம் நான் அவற்றைத் தேடினேன்.

வத்தேகமைச் சலூன்

சலூன்காரர் முத்தையா கண்ணாடிக்கு நடுவிலேயே ஒரு கார்டைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். முகம் பார்க்கிற இடத்தில் இது எதற்கு, எனக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கார்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். பின்னால் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

“இத எடுத்தா வர்றவங்களுக்கு மூஞ்சி ரெண்டாத் தெரியுங்க. ரெண்டு மூஞ்சிக்கும் சேத்துக் கூலி கேட்டா குடுப்பாங்களா?”

அலுமாரிக்குள்

துணிக்கடை ஹமீது நானா தம் கார்டை அலுமாரியில், சட்டைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தார். வெளிச்சம் படாததால் நேற்று அச்சடித்தது போல இருந்தது. நான் கேட்காமலே கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவருடைய விரல்கள் அதை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தன.

“படம் ஈக்கிற ஊட்டுக்கு மலக்குமார், அல்லாட வானவங்க, வரமாட்டாங்கண்டு உம்மா சொல்றா. நீங்க கொண்டு போங்க தம்பி, உங்கட ஊட்டுக்கு எப்பிடியும் வாரல்லதானே.”

ஹந்தானை மாதா

நான் வருஷக்கணக்காகத் தேடிய கார்டு ஒன்று உண்டு. துறவி வேஷத்தில் ஒரு நடிகை. தலையில் வெள்ளை முக்காடு, கண்கள் வானத்தை நோக்கி. அது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் அந்தோனியம்மாளிடம் இருப்பதாகத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னார். மூச்சிரைக்க ஏறிப் போனேன்.

அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கார்டு இருந்தது. முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. கீழே ஒரு பெண் குழந்தை கம்பளிக்குள் கிடந்தது. காய்ச்சலில் கண்ணே திறக்காத பிள்ளை, அந்தோனியம்மாள் மாதாவிடம் முழங்காலில் நின்று அழுத பிறகு அன்று காலைதான் கஞ்சி குடித்ததாம். சொல்லும்போதே அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்தது.

“படிச்சவங்க நீங்க. கீழ எழுதியிருக்கே, இது எந்த மாதான்னு வாசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

நடிகையின் பெயரும் நாடகத்தின் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “ஆரோக்கிய மாதா” என்று வாசித்தேன்.

அந்தோனியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கார்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பதை அப்புறந்தான் கவனித்தாள்.

“ஏங்க, உங்க வீட்லயும் யாருக்காச்சும் காச்சலா? கூச்சப்படாமக் கொண்டு போங்க. சொகமானதும் கொண்டாந்து குடுத்துருங்க.”

என் ஆல்பத்தில் அந்தக் கார்டுக்கென்று விட்ட இடம் இன்னும் காலிதான்; என் வீட்டிலோ, பாழாய்ப்போன அதிர்ஷ்டம், ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரமாட்டேன் என்கிறது.