வருவதா வேண்டாமா என்னும் ஆட்டம்

சனிக்கிழமை காலைகளில், வகுப்பில்லாத ஒரு கல்லூரி அறையில் நாங்கள் நால்வர் ஆட்டக் கோட்பாடு படித்துவந்தோம். பிறர் என்ன செய்வார்கள் என்று ஊகித்து ஒவ்வொருவரும் தம் முடிவை எடுத்தால் என்ன நிகழும் என்பதை ஆராயும் கணிதம் அது. நான் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியன்; என் மனைவி பொருளியல் கற்பித்தவர். ஆலங்குடியிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வருவார். கீரனூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி. பாடத்திட்டமோ வருகைப் பதிவோ கிடையாது. மனைவி வகுத்த விதி ஒன்று மட்டும் இருந்தது: புத்தகத்தின் உதாரணத்தைச் சொல்லக்கூடாது, அவரவர் கண்டதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே, புத்தகத்தில் இரண்டு வேடர்கள் மானைத் துரத்திய இடத்தில், வங்கி அதிகாரி இரண்டு தென்னந்தோப்புக்காரர்களைக் கொண்டுவந்தார். சேர்ந்து லாரி பிடித்துச் சென்னைக்குக் காய் அனுப்பினால் இருவருக்கும் நல்ல விலை. ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் தலையில் முழு வாடகையும் விழும். அந்தப் பயத்தில் இருவருமே உள்ளூர் வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள்.

“பக்கத்துத் தோப்புக்காரர நம்பி லாரி சொல்ல முடியுமா மேடம்?” என்று கேட்டார்.

“ஒங்க தோப்புக்காரங்க ரொம்பப் புத்திசாலிங்க. அதான் தோத்துப்போறாங்க,” என்றார் மனைவி.

சென்ற ஐப்பசியில் அவர் காலமானார். படிப்பு அந்த அத்தியாயத்தோடு நின்றது.

தை பிறந்தபின் எனக்கு அந்த அறைக்குத் திரும்ப வேண்டும் என்றிருந்தது. வீட்டில் நினைப்பதைவிட அங்கே அவரை நினைப்பது எளிதாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் நான் போய், மற்றவர்கள் வராமல், அந்த நாற்காலிகளுக்கிடையே தனியே அமர்ந்திருப்பதைத் தாங்க இயலாது என்பதும் தெரிந்திருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. அவர்கள் முடித்துக்கொண்டார்கள் என்று கருதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வங்கி அதிகாரி போனில் அழைத்தார். “சார், நாளைக்கு நான் வாரேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, ரூமைத் தொறந்து வச்சு உக்காந்திருப்பேன்.”

நான் வருவேனா என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். மறுநாள் திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குச் சென்றேன். மாணவியும் வந்திருந்தார்.

“நீங்க கூப்பிடட்டும்னு இருந்தோம் சார்,” என்றார் மாணவி. “நாங்களா வந்து நின்னா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு.”

“நீங்க வரமாட்டீங்கன்னு நானும் இருந்துட்டேன்.”

அதிகாரி சிரித்தார். “நாம படிச்ச லட்சணம் இது. எங்க ஊர்த் தோப்புக்காரங்களப் போய்க் குத்தம் சொன்னோமே.”

அன்றைய உதாரணம் நாங்களே என்று மாணவி தீர்ப்பளித்தார். கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்தேன்: நான் வருவதும் வராததும், அவர்கள் வருவதும் வராததும். நான் மட்டும் வந்த கட்டத்தில் எனக்குக் கிடைப்பதை எண்ணாக எழுதினேன்.

“மைனஸ் நூறா சார்? எப்பவும் அஞ்சு, பத்துன்னுதானே போடுவோம்?” என்றார் மாணவி.

“அது என் மதிப்பு,” என்றேன்.

எல்லோரும் வந்த கட்டத்தில் பத்து என்று எழுதினேன். அதிகாரி அந்தப் பத்தைச் சுட்டிக்காட்டினார்.

“இதுல மட்டும் என்ன சார் இவ்வளவு கஞ்சத்தனம்?”

அழித்துவிட்டுக் கூட்டி எழுதினேன். பிறகு, விட்ட இடத்திலிருந்து அத்தியாயத்தைத் தொடர்ந்தோம்.