ஆறாவது பை

கொழும்பில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்கு இருபத்தாறு வருடமாக பஸ் ஏறும் றோஸி மிஸ்ஸிடம் ஒரு குணம். யார் என்ன கேட்டாலும் "சுகமா இருக்கிறன்" என்பார். புருஷன் செத்த வருடமும் அதைத்தான் சொன்னார். அப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான், மனதில் இருப்பதைச் சொல்ல நான்காம் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்று இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊருக்குத்தானே உபதேசம்!

பயிற்சியில் சொன்னபடி வகுப்புச் சுவரில் ஐந்து துணிப் பைகளைத் தொங்கவிட்டார். சந்தோசம், கவலை, கோபம், பயம், வெட்கம். பைக்கு ஒரு முகம். பெயர் எழுதிய ஐஸ்கிறீம் குச்சியைப் பிள்ளைகள் காலையில் தங்கள் மனதுக்கேற்ற பையில் போடவேண்டும். "ஒண்டுமில்லை எண்டு சொல்லக் கூடாது" என்பது மிஸ் போட்ட சட்டம்.

வீட்டில் அந்தச் சட்டம் செல்லாது. ஒரே மகள் நிஷாந்தி மெல்பர்னுக்குப் போய் ஆறு வருடம். ஒருமுறைகூட வந்து போகவில்லை. போன ஞாயிறு போனில் கேட்டாள்: "அம்மா, நத்தாருக்கு வரவோ? கிறிஸ்மஸ் லீவு இருக்கு."

வா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. "ஏன் பிள்ளை வீண் அலைச்சல்? நான் சுகமா இருக்கிறன்" என்றார். போனை வைத்துவிட்டு மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்தார். யாரும் படுக்காத அந்தக் கட்டிலுக்குப் பாவி மனுஷி கிழமைக்கொரு விரிப்பு மாற்றுகிறவர்.

வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் குச்சி போட்ட பிறகும் அர்பா மட்டும் பைகளுக்கு முன்னால் நின்றாள்.

"கவலையா அர்பா?"

"இல்ல மிஸ்."

"பயமா?"

"இல்ல மிஸ். வாப்பா கட்டாருக்குப் போயிட்டாரு. வாப்பாவத் தேடுது."

தேடுது. சின்னப் பிள்ளைகளுக்கென்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த சொல். பயிற்சிப் புத்தகத்தில் அது இல்லை. கவலை என்ற பைக்குள் அது அடங்காது. அதற்குள் ஆசையும் கிடக்கிறதே. மிஸ் தன் கைக்குட்டையை மடித்து, ஆறாவது பையாகச் சுவரில் ஊசியால் குத்தினார். என்ன முகம் வரைவதென்று தெரியாமல் சொல்லை மட்டும் எழுதினார். இடைவேளைக்குள் அதில் ஒன்பது குச்சிகள் சேர்ந்துவிட்டன.

அன்று பின்னேரம், ஞாயிறு வரை பொறுக்காமல் மகளை அழைத்தார். "நிஷா, எனக்கு உன்னைத் தேடுது. வா பிள்ளை."

அந்தப் பக்கம் அழுகைக் குரல்.

"இதைப் போன கிழமை சொல்லியிருக்கலாமேம்மா. நீங்க வேண்டாம் எண்டதும் என்ர லீவை என்னோட வேலை செய்யிற ஒரு பிள்ளைக்கு விட்டுக் குடுத்திட்டன். இனி ஏப்ரலிலதான்."

திங்கட்கிழமை றோஸி மிஸ் ஒரு குச்சியில் தன் பெயரை எழுதி ஆறாவது பையில் போட்டார். அர்பா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரத் தேடுது மிஸ்?"

"என்ர மகளை."

"எப்ப வருவாங்க?"

"ஏப்ரலில."

அர்பா விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடிந்ததும் முகம் சுருங்கியது.

"வாப்பா ஜூலையில. அப்ப நீங்க எனக்கு முந்திக் குச்சிய எடுத்துருவீங்க, மிஸ்."