நான் எடுத்துக்கொண்ட அரை மணி

எனக்குப் பத்து வயதாகும்வரை எங்கள் வீட்டில் காலை நேரத்தில் அம்மாவைப் பார்த்த நினைவே கிடையாது. நாங்கள் கண்விழிக்கும்போது அடுப்பு குளிர்ந்திருக்கும். இரண்டு டிபன் டப்பாக்கள் மூடி வைக்கப்பட்டிருக்கும். எங்கள் சீருடை நாற்காலியின் முதுகில் மடிப்புக் கலையாமல் தொங்கும். அம்மா அதற்குள் ஊருக்கு வெளியே இருந்த இறால் கம்பெனியில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருப்பாள். ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டி எங்களை எழுப்பிவிடுவாள். ஏழரைக்குப் பள்ளி வேன்.

அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டினார். துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு போனால் மூன்று நாளோ நான்கு நாளோ கழித்துத்தான் வருவார். வந்தாலும் பகலெல்லாம் தூங்குவார். ஆகவே தூத்துக்குடியில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் இருந்த அந்த லைன் வீட்டில் சட்டம் முழுக்க அம்மாவுடையது. சட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எட்டரை மணிக்கு நானும் தம்பியும் படுத்தாக வேண்டும், அவ்வளவுதான். காலையில் தலைவாரிவிட ஆள் இருக்காது என்பதால் படுக்கும் முன்பே எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவாள். பிறகு சின்னதாக ஒரு ஜெபம். அதோடு விளக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவி, துணி அலசி, மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு ஒன்பதரைக்குப் படுப்பாள். மூன்றரைக்கு போனில் அலாரம் அடிக்கும். நாலே முக்காலுக்கு, மெயின் ரோடு பிரிகிற விலக்கில் கம்பெனி வேன் வரும்.

இந்தக் கணக்கெல்லாம் நான் பின்னால் போட்டுப் பார்த்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தெருவிலேயே சீக்கிரம் படுக்கிற பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த டிசம்பரில் எங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டினோம். பிளஸ் ஒன் படித்த ஓர் அண்ணன்தான் தலைவர். உப்பளக் களிமண்ணில் மலை, தகர டப்பாக்களில் விதைத்த கேழ்வரகுப் பயிரில் புல்வெளி, கண்ணாடித் துண்டில் கடல். பெத்லகேமில் கடல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. தூத்துக்குடியில் கட்டுகிற குடிலுக்குக் கடல் இல்லாமல் எப்படி? அந்தக் கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் வேண்டும் என்று சொன்னது நான். பால்பவுடர் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே சிவப்பு பல்பு வைப்பதாகத் திட்டம். அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"எட்டரைக்கே ஓடிப் போறவளுக்கு இவ்வளவு பெரிய வேல குடுக்க முடியாதுளா. பாதில விட்டுட்டுப் போயிருவ."

மற்றவர்கள் ஒன்பது மணிவரை இருந்தார்கள். எனக்கு வேண்டியது அரை மணி நேரம்.

அம்மாவிடம் கேட்டேன். அழுதும் பார்த்தேன். "காலைல எந்திரிக்க வேண்டாமா? பரீட்சை வருதுல்லா?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அப்போது ஓடவில்லை. பரீட்சைக்காகக் கேபிளையும் அம்மா நிறுத்தி வைத்திருந்தாள். வீட்டில் மணி பார்க்க இருந்தது பட்டன் போன் ஒன்றுதான். கம்பெனிக்குள் போன் அனுமதியில்லாததால் அது எந்நேரமும் ஜன்னலோரத்தில் கிடக்கும். பேசவும் அலாரம் வைக்கவும் மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். மணியை மாற்றுவதை அப்பா எனக்கு ஒருமுறை காட்டித் தந்திருந்தார்.

திங்கட்கிழமை, மாதா கோயிலில் ஆறு மணி அடித்து ஓய்ந்த பிறகு, போனில் மணியை அரை மணி நேரம் பின்னுக்கு வைத்தேன். கோயில் மணிக்கு முன்னால் மாற்றினால் மாட்டிக்கொள்வேன் என்று யோசிக்கும் அளவுக்குப் புத்தி இருந்தது. ஒன்பது மணிக்கு, எட்டரை ஆகிவிட்டதென்று அம்மா கூப்பிட்டாள். நல்ல பிள்ளையாக ஓடிவந்து படுத்தேன். அவள் பின்வாசலில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டதும் எழுந்து மணியைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

வேலை முடித்து வந்த அம்மா போனைப் பார்த்தாள். "பத்தாச்சா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "இப்பத்தான எட்டரைன்னு பாத்தேன்."

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அன்று நான் முதல் இரண்டு டப்பாக்களை ஒட்டியிருந்தேன். புதன்கிழமை தம்பியின் டைரியில், பிள்ளை வகுப்பில் தூங்குகிறான், இரவில் நேரத்தோடு படுக்க வையுங்கள் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். அம்மா அதை இரண்டு தரம் வாசித்தாள். "எட்டரைக்குத்தானலே ஒன்னப் படுக்கப் போடுதேன்?" என்றாள். ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு என்ன தெரியும், ஆமாம் என்று தலையாட்டினான். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அத்தையிடம் அவள் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"இப்பல்லாம் கையே ஓட மாட்டேங்குது மதினி. நாலு பாத்திரம் கழுவ ஒன்றர மணி நேரம் ஆவுது. நேரம் எங்க போவுதுன்னே தெரியல."

உடம்பில் சத்து இல்லாவிட்டால் அப்படித்தான், பேரீச்சம்பழம் சாப்பிடு என்றாள் அத்தை. நான் டப்பாவுக்கு வெள்ளைக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது அம்மா ஒரு சங்கதி சொன்னாள். கம்பெனியில் அவளுக்குப் பகல் வேலை தரப்போகிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் போதும், இறால் உரிக்க வேண்டாம், ஈரத்தில் நிற்கவும் வேண்டாம். பத்தாவது வரை படித்தவள் என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன் மேனேஜரைப் பார்க்க வேண்டும். "இனிமே நானே எழுப்பி, நானே சட பின்னி, நானே வேன் ஏத்தி விடுவேன்" என்றாள். தம்பி எழுந்து ஒரு சுற்று ஓடிவந்தான். அம்மா சிரித்தபோது விரல்களால் வாயை மறைத்துக்கொண்டாள். பனிக்கட்டியிலேயே கிடந்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.

வியாழக்கிழமை கலங்கரை விளக்கத்தில் பல்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வந்து படுத்தேன். பின்வாசலில் பாத்திரச் சத்தம் கேட்கட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். அப்படியே தூங்கிப் போனேன்.

கதவு சாத்தும் சத்தத்தில் விழிப்பு வந்தது. அம்மா அப்போதுதான் கிளம்பிப் போகிறாள். ஜன்னலோரத்தில் போன் நாலரை என்று காட்டியது. அப்படியானால் உண்மையில் ஐந்து. ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். தெருமுனையைக்கூட அவள் தாண்டியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தாலும் வேன் கிடைத்திருக்காது. ஆனால் உண்மை கிடைத்திருக்கும். நான் செய்தது வேறு. போனை எடுத்து மணியை ஐந்தாக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போர்வைக்குள் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் அம்மா திரும்பி வந்தாள். நேராக ஜன்னலுக்குத்தான் போனாள். போன் ஐந்து இருபது காட்டியது.

"அலாரம் அடிச்சப்ப மூணரைதான். பாத்தேனே" என்றாள், யாரிடமும் இல்லை. "டீக்கட அண்ணாச்சி, வேன் அப்பவே போயிட்டுங்காரு."

போனைக் காதருகே வைத்துப் பார்த்தாள். அலாரம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மூன்றரை என்றுதான் இருந்தது. போன் சரியாக ஓடியது. வீட்டில் சரியாக ஓடாதது இனி ஒன்றுதான் மிச்சம் என்று அவள் முடிவுசெய்வதை, போர்வை ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேனே தவிர, புரியவில்லை. அடி விழாது என்பது மட்டும் புரிந்தது.

அன்று முதன்முறையாக அம்மா எங்களை எழுப்பினாள். சுடச்சுட தோசை ஊற்றினாள். முந்தின நாள் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். "இன்னைக்கு லீவாம்மா?" என்று தம்பி குதித்தான். அம்மா ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். வலித்தது.

சனிக்கிழமை வேலைக்குப் போய்வந்து, அந்தப் பகல் வேலை இல்லை என்று இரண்டே வார்த்தையில் சொன்னாள். ஒரு நாள் வேனைத் தவறவிட்டதால் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பிறகும் மூன்று வருடம் அவள் இருட்டிலேயே கிளம்பிப் போனாள். ஒன்று மட்டும் மாறியது. இரவில் எழுந்தெழுந்து மணி பார்க்கத் தொடங்கினாள். பன்னிரண்டுக்கு, ஒன்றரைக்கு, இரண்டே காலுக்கு. போனின் வெளிச்சம் கூரையில் விழும்போதெல்லாம் எனக்கு விழிப்பு வரும். சொல்லிவிடலாம் என்று தோன்றும். காலையில் அவள் இருக்க மாட்டாள். மாலையில் எனக்குத் தைரியம் இருக்காது.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். கம்பெனியை விட்டு வருடங்கள் ஆகியும் இரவில் நாலைந்து முறை விழித்துக்கொள்கிறாள். போன மாதம் ஓர் இரவு, என் மகள் படுக்க மாட்டேன் என்று ஆட்டம் காட்ட, காலையில் பள்ளிக்கூடம் என்று நான் கத்தி, அவள் அழுது ஓய்ந்து தூங்கிய பிறகு, அம்மா அவளுடைய சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். எதற்காக அன்றைக்குச் சொல்ல வாய் வந்தது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தன நாளு மாத்துன?"

"நாலு நாளு."

"அப்ப தம்பி கிளாஸ்ல தூங்குனது?"

"அதும்தான்." பிறகு சொன்னேன்: "என்னாலதானம்மா ஒனக்கு அந்த வேல போச்சு."

"போவலளா" என்றாள். "மறுநாளே மேனேஜர் கூப்பிட்டாரு. ஒரு நாளு வரலன்னா என்னம்மா, திங்கக்கெழம வந்து சேந்துக்கோன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"அது மணி பாத்து எழுதுத வேல. இறால் தட்டு எப்ப குளிருக்குள்ள போவுது, எப்ப வெளிய எடுக்கணும்னு நோட்டுல எழுதணும்." சீருடையை நீவிவிட்டாள். "எனக்குத்தான் மணியே பாக்கத் தெரியாமப் போச்சே. தல கெட்டுப் போச்சு போலன்னு நெனச்சேன். என்னால சரக்கு கெட்டுச்சுன்னா என்ன செய்ய? இறால் உரிக்கதுன்னா தப்பு வராதுல்லா."

சீருடையை நாற்காலியில் போட்டுவிட்டு, பேத்தியின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பத்து வயதில் நான் பயந்ததெல்லாம் அடிக்குத்தான். மணியைத் திருப்பி வைத்துவிட்டால் எதுவும் நடக்காததுபோல் ஆகிவிடும் என்று நம்பினேன். போன் பொய் சொன்னது என்று தெரிந்திருந்தால் அம்மா போனைத் திட்டிவிட்டு மேனேஜரைப் பார்க்கப் போயிருப்பாள். அதை நான் சரியாக்கி வைத்த அந்த நிமிடத்தில்தான் அவள் தன்னை நம்புவதை விட்டாள் என்பது, போர்வைக்குள் கிடந்த அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.