மாட்டைக் கொடுத்த தலைவனும் மாரிராஜின் அரியரும்

மாரிராஜுக்கு நாற்பத்து நான்கு வயது. கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர். தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தார். ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. அதையும் தாண்டினால் அதே பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. மேசை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். பத்தொன்பது வருடமாக நின்றே பிழைத்த மனிதருக்கு அந்த நாற்காலி லேசுப்பட்ட விஷயமில்லை.

குறுக்கே நின்றவன் ஒரு காப்பியத் தலைவன். விதைப்பு நாளன்று பாணன் ஒருவன் வந்து பாடினான் என்பதற்காக, ஏரில் பூட்டிய காளைகளை அவிழ்த்துக் கொடுத்த புண்ணியவான். ‘தலைவனின் பண்புநலன்களைக் கட்டுரைக்க’ என்ற கேள்வி வருடம் தவறாமல் வரும். கைடில் இருக்கிறபடி கொடைத்திறம், விருந்தோம்பல், இரக்கம் என்று மூன்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மாரிராஜுக்கு எப்போதும்வென்றான் கிராமத்தில் மூன்று ஏக்கர் கரிசல் இருக்கிறதே. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருடமே போச்சு என்பது பாணனுக்குத் தெரியாமல் இருக்கலாம், தலைவனுக்குமா தெரியாது? ‘முதல் பண்பு: கிறுக்கு’ என்று தலைப்புப் போட்டு, அதையும் ஒழுங்காக அடிக்கோடிட்டு, ஆறு தடவை எழுதினார். ஆறு தடவையும் ஃபெயில்.

ஏழாவது தடவை நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஜூனுக்குள் பட்டம் வராவிட்டால் நாற்காலி வேறு ஆளுக்கு. மனைவி வனிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“நல்லவன்னு எழுதிட்டுப் போறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அவன் என்ன நம்ம மாட்டையா குடுத்தான்?”

“பாடுதவனுக்கு உழவு மாடு எதுக்குட்டி? யாழைப் பூட்டி உழப்போறானா?”

“அதை அவன்கிட்ட கேளுங்க. பேப்பர் திருத்துதவிய கிட்ட ஏன் கேக்குதீங்க?”

மாரிராஜ் கைடை எடுத்தார். மனப்பாடம் செய்கிற மும்முரத்தில் ஒருநாள் மூன்றாவது பீரியடுக்கே கடைசி மணியை அடித்துத் தொலைத்தார். பிள்ளைகள் பஸ் ஏறிப் போன பிறகுதான் வாத்தியார்களுக்கே விஷயம் தெரிந்தது.

பரீட்சையில் கைடில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் இறக்கி வைத்தார். ‘வள்ளன்மையின் சிகரம்’ என்று எழுதும்போது கை கூசியது. வெளியே வந்து, ஊர்க்காரர் எவர் கண்ணிலும் படாமல் பஸ் ஏறினார். அவமானமாக இருந்தது அவருக்கு.

இரண்டு மார்க்கில் ஃபெயில்.

வனிதா நம்பவில்லை. எவனோ கூட்டுவதில் தப்புப் பண்ணியிருக்கிறான் என்று சாதித்தாள். விடைத்தாளின் நகல் கேட்டு மனுப் போட்டார்கள். அது வந்து சேர்வதற்குள் நாற்காலியில் இசக்கியப்பன் என்று ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான்.

இருவரும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். தலைவன் கட்டுரைக்குப் பதினைந்துக்கு நான்கு. ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தியவர் எழுதியிருந்தார்: ‘அப்படியே கைடு. சொந்தக் கருத்து எங்கே?’

மாரிராஜ் அதை இரண்டு தடவை படித்தார். “இத்தனை வருசமும் அதைத்தானே எழுதிக் குடுத்தேன்” என்றார்.

வனிதா தாள்களை அடுக்கி மடித்து உறைக்குள் வைத்தாள். நல்லவன் என்று எழுதச் சொன்னவள் அவள்தான்.