தடித்துப்போன தண்டவாளம்

ரயில்பாதைப் பராமரிப்பு அலுவலகத்தில் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ரயில் ஓட்டும் கணவர் காய்ச்சலில் கிடந்து, "நூறுதானே?" என்று முனகியபோதுகூட, "நூறு புள்ளி நாலுங்க" என்று திருத்தியவள்.

ஆய்வு வண்டி ஒன்று பாதையில் ஓடியபடியே லேசர் ஒளியால் தண்டவாளத்தை அளக்கும். அந்த அளவைப் புதுத் தண்டவாளத்தின் அளவோடு மென்பொருள் ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை, திரையில் 'தேய்மானம்: மைனஸ் 2.1' என்று வந்து நின்றது. அதாவது தண்டவாளம் தேயவில்லை; இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது!

எட்டிப் பார்த்த பொறியாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னம்மா, தண்டவாளத்துக்கு யாராவது சத்து மருந்து ஊத்துறாங்களா?"

"சிரிக்காதீங்க சார். ஒண்ணு இரும்பு வளரணும், இல்ல நாம தப்பா ஒப்பிடணும்."

"மைனஸ் வந்த இடத்துல எல்லாம் பூஜ்யம் போட்டு அனுப்பிடு. யாரு பாக்கப் போறாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே பழைய கோப்புகளைக் கிளறினாள். மூன்று மணிக்குப் பிடிபட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தடம் முழுக்க மூன்று மில்லிமீட்டர் கூடுதல் உயரமுள்ள புது வகைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆய்வு வண்டி அங்கே ஓடியது இதுதான் முதல் தடவை. மென்பொருளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் பழைய அளவை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அளவை மாற்றி, முழுத் தடத்தையும் மறுபடி கணக்கிட வைத்தாள். மைனஸ் எல்லாம் மாயமானது. ஆனால் பாலத்தை ஒட்டிய வளைவில், காலையில் 6.2 என்று சாதுவாக இருந்த எண் இப்போது 9.2. எட்டைத் தாண்டினால் ரயில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

பொறியாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "காலையில தப்பாச் சொன்ன கம்ப்யூட்டரை இப்ப மட்டும் நம்பணுமா?"

"அத நம்ப வேணாம் சார். வாங்க, கையால அளந்துடலாம்."

தினமும் அந்தப் பாதையை நடந்தே பார்க்கும் காவலர் வளைவில் காத்திருந்தார். கைக்கருவியை வைத்துக் கண்ணைச் சுருக்கினார். "ஒம்போது."

"வெறும் ஒம்போதா?"

அவர் பொறியாளரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். "ஒம்போது புள்ளி ரெண்டு. தாயே, ஆள விடும்மா!"

பொறியாளர் அங்கேயே நின்று போன் போட்டார். அடுத்த ரயிலிலிருந்தே அந்த வளைவில் ஊர்ந்துதான் போகவேண்டும் என்று உத்தரவானது.

மறுநாள் சாயங்காலம் கணவர் எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைந்தார். "பாலத்துகிட்ட வண்டிய உருட்டிக்கிட்டு வரேன். பயணிங்க என்னத்தான் திட்டுறாங்க. எந்தப் புண்ணியவான் வேலையோ!"

"புண்ணியவதிங்க. நான்தான்."

நடந்ததைக் கேட்டதும் அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வளைவா? நேத்துக் காலையிலகூடத் தொண்ணூறுல போனேனே..." அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அங்கே புதுத் தண்டவாளம் மாட்டினார்கள். முதல் வண்டி மெதுவாக வந்தது. ஓரமாக நின்ற அவளையும் பொறியாளரையும் கண்டதும் ஊதத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை.

பொறியாளர் காதைப் பொத்திக்கொண்டார். "யாரும்மா அந்த ஆளு?"

"எங்க வீட்டுக்காரர் சார்" என்றாள், வெட்கத்தோடு.